விற்ற கட்டில் திரும்பி வந்த வருடம்

குழாய்க்காரரின் முதல் தவணை மருந்துக்காக விற்ற கட்டில், விற்ற மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, தன் நான்கு கால்களாலும் நடந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. கடைத்தெருவில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு லாரி மட்டும் ஹாரன் அடித்தது. அவர் மனைவிக்குத்தான் மானம் போயிற்று. அவள் அந்த வட்டாரத்தின் தபால்காரி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை என்று தலைநிமிர்ந்து நடப்பவள். கட்டிலை வாங்கியிருந்த கணக்கு வாத்தியார் வீட்டுக்கு அன்றே அதை ஓட்டிக்கொண்டு போய் விட்டாள். மறுநாள் வந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் விட்டாள், அப்போதும் வந்தது. மூன்று முறை கொண்டுபோயும் சேராத தபாலை ஆபீசிலேயே வைத்திருப்பதுதான் முறை என்பதால், கட்டில் காலில் ஒரு சீட்டுக் கட்டினாள்: ‘உரியவர் வந்து பெற்றுக்கொள்ளும் வரை இங்கே இருக்கும்.’

குடலில் கட்டி, அது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது ஆறு தவணை மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று, கடைசியில் ஒரு ஸ்கேன் என்றுதான் சொன்னார். மற்றவையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. வாந்தியை நிறுத்துகிற மாத்திரை தனி. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை தனி. பஸ்ஸில் நிற்க முடியாதவருக்கு ஆட்டோ. அவர் வேலைக்குப் போகாத நாள்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். காப்பீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரியாவது படுத்தால்தான் பணம் என்றார்கள். ஆஸ்பத்திரியோ சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடும். ஒரு ராத்திரி சும்மா படுக்க வைக்கலாமா என்று தபால்காரி கேட்டுப் பார்த்தாள். காப்பீட்டில் வருவதைவிட படுக்கை வாடகை அதிகம் என்று காசாளர் ரொம்பப் பணிவாக விளக்கினார்.

இரண்டாம் தவணைக்கு ஃபிரிட்ஜ் மருந்துக்கடைக்காரரிடம் போனது. ஐந்தாம் நாள், உள்ளே அவருடைய முட்டைகளோடு திரும்பி வந்தது. அவள் முதலில் முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் தவணைக்கு விற்ற சாப்பாட்டு மேஜை மழையில் நனைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றிலும் சீட்டுக் கட்டினாள். அடுத்தவர் பொருள் என்று கட்டிலில் புருஷனைப் படுக்க விடாமல் தரையில் பாய் போட்டாள். ஒருநாள் எட்டிப் பார்த்த வாத்தியாருக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது.

“என் கட்டில்ல யார் படுக்கணும்னு நான்தானே சொல்லணும்? எழுந்து மேல படுங்க” என்றார்.

நான்காம் தவணைக்கு அவள் காதுத் தோடுகள் போயின. அவற்றுக்குக் கால் இல்லாததால் கடையிலேயே இருந்துவிட்டன. ஐந்தாவதுக்கு விற்க ஒன்றுமில்லை. அப்போதுதான் அவள் தம்பி வந்து, கட்டிலை வேறு பேட்டையில் இன்னொருத்தனுக்கு விற்றால் என்ன, எப்படியும் திரும்பி வரத்தானே போகிறது, இருபது தடவைகூட விற்கலாம் என்றான். அவள் உடனே மறுக்கவில்லை. இதை மறைத்துப் பிரயோசனமில்லை. புருஷன் பிழைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. ஒரு மத்தியானம் முழுக்க ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தம்பியிடம் சொன்னாள்.

“ஒரே தபாலை ரெண்டு வீட்டுக்குக் குடுக்க முடியாதுடா.”

அந்த வாரம் மருந்துக்கடைக்காரர் தன் ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுத்துக் குடிக்க வந்தவர், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக் குழாய் எப்பப் பார்த்தாலும் ஒழுகுது. பத்து வருஷத்துக்கு ரிப்பேர் காசை இப்பவே குடுத்துடறேன். அப்புறம் வரலைன்னா விட மாட்டேன்.”

பத்து வருஷம் இருப்பேனா என்று டாக்டரே சொல்லவில்லையே என்றார் குழாய்க்காரர். டாக்டர் வீட்டில் குழாய் ஒழுகவில்லை போலிருக்கிறது என்றார் கடைக்காரர். செய்தி தெருவில் பரவி, பத்தே நாளில் பத்தொன்பது வீட்டுக்காரர்கள் முன்பணம் கொடுத்தார்கள். குழாயே ஒழுகாத இரண்டு பேரும் அதில் உண்டு. ஐந்தாவதும் ஆறாவதும் அப்படி நடந்தன. அதுவரை சாவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர், பத்தொன்பது வீட்டுக்குப் பத்து வருடத்துக்கு எத்தனை வாஷர் வேண்டியிருக்கும் என்று கவலைப்பட ஆரம்பித்தார். அந்தக் கவலை அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. சாப்பாடு இறங்கியது.

ஸ்கேன் எடுத்த ஒன்பதாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, தபால் பையோடு திரும்பிக்கொண்டிருந்தவளுக்கு எதிரே ஃபிரிட்ஜும் மேஜையும் கட்டிலும் வரிசையாக வந்தன. அவள் தடுக்கவில்லை. சீட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, முன்னால் நடந்து, ஒவ்வொன்றையும் உரிய வீட்டில் சேர்த்துக் கையெழுத்து வாங்கினாள். எதுவும் அதன்பின் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் கிளம்பிப் போயிடுச்சு” என்றார்.

“பாத்தேங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். காலி வீட்டில் அந்தச் சத்தம் எதிரொலித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்கேன் முடிவு இரண்டு நாள் கழித்துப் பதிவுத் தபாலில் அவள் பையிலேயே வந்தது. புருஷனே ஆனாலும் முறை முறைதான் என்று, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உறையைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். குழாயைச் சரிசெய்துவிட்டு வந்து, கை கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு இருவரும் சேர்ந்து உறையைப் பிரித்தார்கள்.