ஏழாம் நம்பர் ஸ்பூன்

"அந்த வைஸைக் கழட்டாதீங்கன்னு சொல்றேன்ல..."

"நீ உன் வேலையப் போய்ப் பாரு..."

"ஒரு நிமிஷம் நான் என்ன சொல்ல வர்றேன்னு..."

"முப்பத்தஞ்சு வருஷமா கேட்டாச்சு! ஸ்பேனரைக் குடு. முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டா எனக்குத் தெரியாதா?"

நான் கொடுக்கவில்லை. அவர் வெறும் விரலாலேயே, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்த வைஸை மேசையோடு இறுக்கியிருந்த நட்டைத் திருகிப் பார்த்தார். அதைப் பத்து வருடத்துக்கு முன்னால் முடுக்கியவரும் அவர்தான். அசைந்து கொடுக்குமா?

"சாயங்காலம் கிரேன்காரன் வருவான். வைஸு, அரம், டிரில்லு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகச் சொல்லிட்டேன். கை போனவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

என் வீட்டுக்காரர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அதில் அரை நூல் பிசகினாலும் உருப்படியைத் தூக்கித் தூர வைத்துவிடுவார் என்பதால் பட்டறையில் அவருக்கு நூலண்ணன் என்று பேர். ஓய்வுக்குப் பிறகு மீன்பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. அதே பட்டறையில் கிரேன் ஓட்டிய சிநேகிதர்தான் ஏரிக்கு இழுத்துப் போனார். கடையில் தூண்டில் வாங்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சாப்பிடுகிற ஸ்பூனின் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை, மேலே நூல், கீழே கொக்கி. தண்ணீரில் இழுத்தால் அது குட்டிமீன் மாதிரி நெளிந்து பளபளக்க வேண்டும். பெரிய மீன் ஏமாந்து வாயைத் திறக்க வேண்டும். இவர் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, படத்துக்கு ஒரு ஸ்பூன் செய்து, முதுகில் நம்பர் அடித்து வைப்பார். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை ஆயிற்று.

மீன் மட்டும் வரவில்லை. முதலில், "தண்ணி கலங்கலா இருந்துச்சு" என்பார். அப்புறம், "காத்து சரியில்ல." இரண்டு மாதம் போனதும் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். காலியான பையை ஆணியில் மாட்டிவிட்டு, அழுக்கே படாத கையை நெடுநேரம் கழுவிக்கொண்டிருப்பார்.

எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கண் பரிசோதனைக்குப் போன ஒரு காலை, நானும் ஒரு பழைய ஸ்பூனை எடுத்தேன். இஞ்சி இடிக்கும் இரும்பு உரலில் வைத்து உலக்கையால் நாலு தட்டு. டிரில் வழுக்கி, மேல் ஓட்டை இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நூல் கட்டித் துணி ஊறவைக்கும் தொட்டியில் இழுத்தபோது அது உயிருள்ளது போலத் துள்ளியது. அவருடைய ஏழாம் நம்பரையும் இழுத்துப் பார்த்தேன். அது வைத்தியர் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் வந்தது.

அவர் வந்ததும், "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று காட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? இரும்பில் எண் பதிக்கிற அவருடைய பஞ்ச் உளியை எடுத்து என் ஸ்பூனின் முதுகில் ஏழு என்று அடித்தேன். அதை அவர் பெட்டியில் வைத்துவிட்டு, அவருடையதைப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அவருக்குப் புதுக் கண்ணாடி வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்த ஞாயிறு மூன்று மீன். நாலாவது, நூலை அறுத்துக்கொண்டு ஸ்பூனோடு ஓடிவிட்டது.

"போனா போகட்டும். படம் இருக்கு, பன்னெண்டு செய்யலாம்" என்றார். செய்தார். கண்ணாடி வந்துவிட்டதால் முன்னைவிடச் சுத்தமாகவே செய்தார். பழைய கூட்டாளிகள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று பழுப்புக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "எடை பாரு, எடை பாரு" என்றார். நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஏரிக்கரையில் காலை முழுக்கப் பன்னிரண்டு பேரும் வீசினார்கள். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்பூனைக் குடுத்துட்டீங்க நூலண்ணே, மீனுக்குத் தட்டு யாரு வைக்கிறது?"

"அண்ணி, நீங்களாவது வந்து ஊட்டி விடுங்க!"

கிரேன்காரர்தான் அடக்கினார். "சும்மா இருங்கடா. வயசாகலையா? அண்ணனுக்குக் கை போயிருக்கும்." பரிந்துதான் சொன்னார். இவர் காதிலும் விழுந்தது. எழுந்து போய், ஒவ்வொருவரிடமும் கை நீட்டிப் பன்னிரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அந்நேரம் குனிந்த தலை நிமிராமல் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் நிரம்பி வழிந்தது.

இப்போது ஸ்பேனரை மேசைமேல் வைத்தேன். உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவைக் கிளறி அந்த ஸ்பூனை எடுத்துவந்து ஸ்பேனர் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"உங்க ஏழு."

"அதைத்தான் மீன் இழுத்துட்டுப் போயிடுச்சே."

"போனது நான் செஞ்சது."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை நட்டநடுவில் இருந்தது.

"அதுலயும் ஏழு இருந்துச்சே. தடவிப் பாத்தேனே."

"நான்தான் அடிச்சேன்."

"என் பஞ்ச் உளிய வச்சா?"

"ம்."

மீன் பிடித்தது என் ஸ்பூன் என்றபோது அசையாதவர், பஞ்ச் உளி என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுல வச்சுத் தட்டுன?"

"இஞ்சி உரல்ல."

"ஓட்டை?"

"வழுக்கிடுச்சு. இடது பக்கமா."

"எத்தனை நூல்?"

"அளக்கலைங்க."

"அளக்கல" என்றார் அவரும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"உங்க கை போகலைங்க. அந்தப் பன்னெண்டும் உங்க படத்துல இருந்தபடியே அச்சு மாறாம இருக்கு. அதைச் சொல்லத்தான்..."

"ஆமா, கை போகல. அந்தக் கைக்கு எப்பவுமே மீன் விழல. அதானே?"

சமாளிப்பதாக நினைத்து, "கிரேன்காரர் வந்தா நானே அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? அண்ணன் கை நல்லாத்தான் இருக்கு, அண்ணிதான் பரிதாபப்பட்டு மீன் பிடிச்சுக் குடுத்தாங்கன்னா?"

"பரிதாபம் இல்லைங்க..."

"பின்ன?"

அவர் ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினார். கழற்றவில்லை, முடுக்கவும் இல்லை. அதன்மேல் கையை வைத்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அன்னிக்கு அந்த மூணு மீனையும் கொண்டாந்து சமையல் மேடையில போட்டப்போ சிரிச்சியே. மீனைப் பாத்தா சிரிச்ச, என்னைப் பாத்தா?"