நாற்பது சதுர அடி

எங்கள் தாலுகாவில் ஓர் ஆள் குறைந்தால், அவர் படுத்துறங்கிய நாற்பது சதுர அடியும் குறையும். அங்கே ஓர் எல்லைக்கல் வந்து நிற்கும். இடம் பக்கத்துத் தாலுகாவில் சேர்ந்துவிடும். போன கணக்கெடுப்பில் பஸ் ஸ்டாண்டில் தூங்கிய சாமியார் ஒருவர் குறைந்தார். அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் பஸ் எங்களுடையதில்லை.

பங்குனியில் அப்பா இறந்தார். அவருடைய கட்டில் கிடக்கும் இடம் மட்டும் போகக்கூடாது என்றாள் அம்மா. வேறெதுவும் கேட்கவில்லை.

இம்முறை கணக்கெடுக்க ரோஸ்லின் டீச்சர் வந்தார். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வகுப்பில் போலவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தால் ஆள் உண்டு. ஆளைப் பார்க்கும் வழக்கமில்லை.

வராத பிள்ளைகளுக்கெல்லாம் குரல் கொடுத்து முட்டி போட்டவள் நான். அதனால் தெருவில் குரல் வராத வீடுகளையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். ஓசூருக்குக் குடிபோன காதர் மாமாவுக்கு இருமலோடு சொன்னேன். துபாய்க்குப் போன இரட்டையர்களுக்கு முந்திக்கொண்டு இரண்டு தடவை சொன்னேன். கோடிவீட்டுக் கைக்குழந்தைக்கு வீறிட்டேன். "பால் குடுங்கம்மா," என்றபடி டீச்சர் டிக் அடித்தார். சிரிப்பை அடக்குவதுதான் சிரமமாக இருந்தது.

"வேலாயுதம்."

அது அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்," என்றேன்.

அடுக்களையிலிருந்து அம்மா, "காபி ஆறுது, வாங்க," என்றாள்.

அடுத்து டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். "பூவிழி."

வாயைத் திறந்தேன். அதற்குள்ளிருந்து காதர் மாமா இருமினார். மறுபடி திறந்தேன். குழந்தை அழுதது. மூன்றாம் தடவை அப்பா, "உள்ளேன் டீச்சர்," என்றார்.

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் சார்," என்றார் டீச்சர்.

அம்மா என்னை வாசலுக்கு இழுத்துவந்து, பிள்ளை இதோ நிற்கிறாளே என்று காட்டினாள். டீச்சர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"பாக்குறத எழுத முடியாதும்மா. குரல் வேணும்."

என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் காலை எல்லைக்கல் என் பாயருகே நின்றது. பாயும் பள்ளிக்கூடப் பையும் ஜன்னலும் பக்கத்துத் தாலுகா. ஜன்னலுக்கு வெளியே காதர் மாமா இருமிக்கொண்டு போனார். எதிரே, கட்டிலில் உட்கார்ந்து அப்பா காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"பக்கத்துத் தாலுகாங்க," என்றாள் அம்மா. கல்லுக்கு மேலாக எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். "உங்கள மாதிரியே பேசுவா."