மத்தியானத்துச் சீனிச் சரைகள்

ஒரு றாத்தல் சீனியை நிறுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுற்றி, அதில் கொட்டி, வாயை மடித்து, நூல் கட்ட மூன்று நிமிடம் செல்லும். அந்தக் கட்டுக்குச் சரை என்று பெயர். பங்கீட்டுச் சீனிக்கு நாற்பது கூப்பன்காரர் வந்தால் இரண்டு மணித்தியாலம். முன்கூட்டியே கட்டி வைத்திருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். பரந்தன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மாலை வரிசை விரைவாகக் கரைந்தது அதனால்தான். அவற்றை யார், எப்போது கட்டுகிறார்கள் என்பது மனேச்சர் தவராசாவுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுப் படுத்தெழும்பி இரண்டு மணிக்குத்தான் வருவார்.

கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் நேசமலரின் வீடு பூநகரியில், பதினாறு மைல் தள்ளி. காலை பஸ் எட்டு மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும். மாரியில் வீதியை வெள்ளம் மூடினால், வடியும்வரை வழியில் நிற்கும். கால்மணி பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டு என்பது சங்கத்தின் விதி. அந்த மார்கழியில் எட்டு நாள் பிந்திவிட்டாள். நாலு நாள் சம்பளமும் பஸ் காசும் போக மிஞ்சுவதற்காக இருட்டோடு எழும்பி வரத்தான் வேண்டுமா? வேலையை விட அவளுக்கு மனமில்லை. என்றாலும் அன்று மத்தியானம் சரை கட்டாமல் விலகல் கடிதம் எழுதினாள். இரண்டு தரம் கிழித்து, மூன்றாந்தரம் எழுதி முடித்தாள்.

நாலு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"பிள்ளை, சீனிச் சரையள் எங்க?" என்றார் தவராசா.

"இண்டைக்குக் கட்டேல்லை, ஐயா."

"ஆர் கட்டுறவை?"

"நான்தான். நீங்கள் சாப்பிடப் போற நேரம். எனக்கு வீட்டை போய்வர பஸ் இல்லைத்தானே."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"மனேச்சர், கதையை விட்டிட்டு நிறுங்கோ," என்றார் முன்னுக்கு நின்ற வீரகத்தி. "என்ர மாடு வண்டிலோட தன்பாட்டில வீட்டை போயிடும்."

தவராசா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தராசடிக்கு வந்தார். அவர் கட்டிய முதல் சரை வீரகத்தியின் கையிலேயே வாய் பிளந்தது.

"இது எனக்கோ, எறும்புக்கோ?"

வரிசை சிரித்தது. நேசமலர் ஒரு தாளை எடுத்து, நுனியை எப்படி உள்ளே செருகுவது என்று மெதுவாக மடித்துக் காட்டினாள்.

ஐந்தேகாலுக்குக் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தபோது இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை வைச்சிரும். நீர் மத்தியானத்தில செய்த வேலையைச் சங்கக் கமிற்றிக்கு எழுதப்போறன். பிந்தின நேரத்தை விட அது எவ்வளவோ கூட. வெட்டும் இல்லை, இனி அந்த நேரத்துக்கும் சம்பளம்."

"கமிற்றி ஒத்துக்கொள்ளாட்டி?"

"அப்ப அவை வந்து சரை கட்டட்டும். ஓடும், பிள்ளை, பஸ் வெளிக்கிடப்போகுது."

"மிச்ச ஆக்கள்?"

"நான் நிக்கிறன்தானே."

அவள் ஓடினாள். வாசலில் திரும்பி, "நூலை ரெண்டு சுத்துச் சுத்துங்கோ, ஐயா!" என்று கத்தினாள்.