அப்பா வாங்கிய இருபத்தேழு

மறதி நோய்க்கான புது மருந்தைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்க்க, அங்கே வேலை பார்க்கும் மகள் தலைகீழாக நின்றாள். நினைவுச் சோதனையில் முப்பதுக்கு இருபத்துநான்குக்கும் கீழே எடுத்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். அப்பா இருபத்தேழு எடுத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "முன்னாடி போயிட்டு வந்தவங்ககிட்ட கேள்வியெல்லாம் கேட்டு வாங்கி, ஒரு வாரமா உருப்போட வெச்சேன்டி. நீ வேலை பாக்கற இடத்துல உன் மானம் போகலாமா?"

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயோ அம்மா, இதுல ஃபெயிலானாத்தான் மருந்தே!"

அவள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரிடம் ஓடிக் கெஞ்சினாள். மறுசோதனைக்கு ஆறு மாதமாகும், அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும் என்று அவர் கையை விரித்தார்.

திரும்பி வந்தவளைப் பார்த்து அப்பா சிரித்தார். "அடுத்த பரீட்சை எப்பம்மா? முப்பதும் வாங்கிடறேன், பாரு."