அக்கா உடம்பில் தம்பி ரத்தம்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். நின்றுபோன பெட்டியின் தலைமேல் ஏறி, கம்பிவடங்களுக்கு நடுவே கிரீஸ் கையோடு நிற்பவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றபோது, "ஒரு கை பாத்துடலாம்" என்றுதான் சொன்னாள். மருந்து ஏறியது. முடி கொட்டியது. நோயும் ஓடிப்போயிற்று. வீடே மூச்சுவிட்ட அடுத்த வருடம், போன நோய் திரும்பி வந்தது.

"எல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்?"

"செத்தது பெருகிக்கிட்டு இருந்த செல் கூட்டம்மா," என்றார் டாக்டரம்மா. "எலும்பு மஜ்ஜையில ஸ்டெம் செல்னு இருக்கு. ரத்தத்துக்கே அதுதான் தாய். அதுல ஒண்ணு கெட்டுப்போய்த்தான் உங்களுக்கு இது ஆரம்பிச்சிருக்கு. நம்ம மருந்து வேகமா பெருகுறதைத்தான் அடிக்குது. அந்தக் கெட்ட தாய் செல் சும்மா தூங்கிக்கிட்டு இருந்து தப்பிச்சிருக்கு. இப்ப முழிச்சுக்கிச்சு."

"அப்ப கோளாறு மோட்டார்ல. நான் கதவைத் துடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். மோட்டாரையே மாத்தணும். நல்ல ஸ்டெம் செல் கொடுக்கக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. சலூன் வைத்திருக்கிறான். கத்தியைக் கண்டு பயமில்லை, ஊசி என்றால் உயிரே போய்விடும். பள்ளியில் தடுப்பூசி போட வந்த அன்று ஜன்னல் வழியே குதித்து ஓடியவன்.

நேராக அவன் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியில் அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஊசியா?"

"பல ஊசி. அப்புறம் ரெண்டு கையிலயும் குழாய் மாட்டி மணிக்கணக்கா உக்காரணும். உனக்கு முடியலேன்னா..."

"வாயை மூடு." கையிலிருந்த சீப்பை மேசையில் அடித்தான். "நீ என் அக்காவா, எதிர்வீட்டுக்காரியா? முடியுமான்னு என்னைக் கேக்குறே!"

பரிசோதனைக்கு முதல் ஊசி குத்தியதுமே மயங்கி விழுந்தான். நர்ஸ் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பொருந்துதா?"

பொருந்தியது. ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கும் ஊசிகள் போட்டதில் அவனுக்கு இடுப்பெலும்பு முறிவதுபோல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடை திறந்தான். எடுக்கும் நாளன்று ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மறு கை வழியே திரும்பி வந்தது. பை நிறைந்ததும், "இம்புட்டுத்தானா? இதுக்கா ஜன்னல் தாண்டினேன்!" என்றான்.

அவளுடைய பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிட்டு அந்தப் பையை ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் நிஜமான சோதனை. வாயெல்லாம் புண், விடாத காய்ச்சல், எச்சில் விழுங்கவும் முடியவில்லை. தம்பி தினமும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று குரங்குச் சேட்டை செய்தான். சிரிக்கத் தெம்பில்லாமல் அவள் விரலை மட்டும் அசைத்தாள்.

ஒரு காலையில் டாக்டரம்மா ஏறக்குறைய ஓடிவந்தார். "வெள்ளணு ஏறுதும்மா! தம்பியோட செல் உள்ள வேர் பிடிச்சிருச்சு!"

மாதங்கள் கழித்து மஜ்ஜையைச் சலித்துத் தேடினார்கள். கெட்ட செல் ஒன்றுகூட அகப்படவில்லை.

"இப்ப உங்களுக்குள்ள ஓடுறது முழுக்கத் தம்பி ரத்தம்," என்றார் டாக்டரம்மா. "குரூப்கூட மாறிடுச்சு. ரத்தத்துல மரபணுவைப் பாத்தா ஆம்பளைன்னுதான் காட்டும்."

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "கேட்டியா? இனிமே என்னை டா போட்டுக் கூப்பிடாதே."

"போடா," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

வேலைக்குத் திரும்பியபோது அவளுக்குக் கிடைத்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் படுத்துவிட்டதால் மேல்மாடிக்காரர்கள் இறங்க முடியாமல் கிடந்தார்கள். பெட்டியின் தலைமேல் ஏறி, கருகிப்போன ஒயரை மாற்றி, பொத்தானை அழுத்தினாள். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி அவளைச் சுமந்துகொண்டு மேலே ஏறியது. உச்சி மாடியில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

லிஃப்டுக்காகத்தான் தட்டினார்கள். அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.