பாடத்தின் மகள்

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பட்டறைக்குப் பாதுகாப்பு வகுப்பு வரும். வெளியிலிருந்து யாராவது வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டிப் படம் போட்டு, போன வருடம் சொன்னதையே மறுபடி சொல்லிவிட்டுப் போவார்கள். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ், டீ, பிஸ்கட். குறட்டை விடாமல் உட்கார்ந்திருந்தால் தேர்ச்சி.

நாங்கள் தகரத் தகட்டை பிரஸ்ஸில் வைத்து டப்பா மூடி அடிக்கிறவர்கள். பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்கடியில் கை போக வழியில்லை. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் சொன்னபடி ஓட்டினால் சூப்பர்வைசர் கேட்கிற எண்ணிக்கை ஜென்மத்துக்கும் வராது. அதனால் ஒரு பொத்தான் அழுந்தியபடியே நிற்க ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவோம். அதற்குக் கட்டை என்று பெயர். ஒரு கை பொத்தானில், ஒரு கை தகட்டில். பட்டறை முழுக்க இப்படித்தான் ஓடுகிறது.

வகுப்பு நாளில் மட்டும் கட்டைகளுக்கு லீவு. காலையில் கருவி அறை ஜன்னலில் அவரவர் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அவை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் போய்விடும். வகுப்பு முடிந்ததும் அதே ஜன்னலில் வரிசையில் நின்று திரும்ப வாங்கிக்கொள்வோம். வாங்கி வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் பாடத்தின் வேலை.

பாடம் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். வலது கையில் பெருவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கும் போன அன்று நான் பக்கத்து மிஷினில் நின்றிருந்தேன். அவர் கட்டை வேண்டாம் என்றார். சூப்பர்வைசர் தன் கையாலேயே செருகிவிட்டு, "ஓட்டு, பாத்துக்கலாம்" என்றார். ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. வலது கை அதைச் சரிசெய்யப் போனது, இடது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பேச்சு முடிந்தது. கட்டையை நானே வைத்தேன் என்று சொன்னால் கருவி அறையில் வேலை, இல்லையென்றால் மொட்டைக் கையோடு வீட்டுக்குப் போகலாம்.

அதோடு விட்டார்களா? வருடா வருடம் வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் வேண்டும். "என் அவசரம், என் திமிரு, யார் சொல்லியும் கேக்கல" என்பார். முதல் வருடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். அப்புறம் பழகிவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து நாங்களும் அவரோடு சேர்ந்து வாயசைப்போம், வயிறு குலுங்கச் சிரிப்போம்.

வீட்டிலும் அவர் அதே கதையைத்தான் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். "மூளைய கழட்டி வச்சிட்டா வேலைக்குப் போன?" என்று அவர் மனைவி திட்டாத நாளில்லை. அதைக் கேட்டே வளர்ந்த ஒரே மகள் இப்போது எங்கள் பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறாள். சூப்பர்வைசரே கூப்பிட்டுக் கொடுத்த வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை வகுப்பு முடிந்ததும் சொல்வதாகப் பேச்சு.

வகுப்புக்கு முந்தைய நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"கட்டை வேணாம்மா. ரெண்டு கையும் வச்சே ஓட்டு."

"எண்ணிக்கை யாரு குடுப்பா? அனுப்பிடுவாங்கப்பா."

"அனுப்பட்டும்."

"அனுப்பட்டுமா? நான் ஒண்ணும் உங்கள மாதிரி இல்ல. கவனமா இருப்பேன்."

"நானும் கவனமாத்தான் இருந்தேன்."

தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் மெல்லச் சொன்னார்.

"அந்தக் கட்டைய நான் வைக்கல. சூப்பர்வைசர் வச்சாரு."

அவர் மனைவி கேட்டாள்.

"இத்தன வருசம் கழிச்சுப் புதுக்கதையா? பண்ணுனதுதான் பண்ணுன, இப்ப பழிய வேற ஊரான் தலையில போடுறியா?"

பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஜன்னலில் கட்டைகளைக் கொடுத்தோம். அவள் கட்டையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருப்பாள். பாடம் அதை மட்டும் டப்பாவில் போடாமல், குப்பைத் தொட்டியில் போட்டுத் தகரத் துண்டுகளால் மூடியதைப் பார்த்தேன். பெற்ற மனம். ஆனால் ஒரு கட்டையைத் தொலைத்துவிட்டால் உலகம் நின்றுவிடுமா? இது கூடத் தெரியாதா இந்த மனிதருக்கு என்று எரிச்சலாக வந்தது.

இந்த வருடம் வகுப்பெடுக்க வந்தவள் ஒரு சின்ன வயதுப் பெண். சொல்வதைத் தானே நம்புகிற ரகம், பாவம். படமெல்லாம் முடிந்ததும் சூப்பர்வைசர் கண் காட்ட, பாடம் எழுந்து போய் முன்னால் நின்றார். மகள் முதல் வரிசையில் இருந்தாள். நாங்கள் வாயசைக்கத் தயாரானோம்.

"கட்டைய நான் வைக்கல," என்றார் பாடம். "அதோ நிக்கிறாரே, அவர்தான் வச்சாரு. வேணாம்னு சொன்னேன். இன்னிக்கும் இங்க எல்லா மிஷின்லயும் கட்டை உண்டு. என் பொண்ணு மிஷின்லயும் உண்டு."

எங்கள் வாய் அப்படியே நின்றது. வகுப்பெடுத்தவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் கோபப்படவே இல்லை. கோபப்படுகிறவராக இருந்தால் தேவலை.

"வருசா வருசம் ஒண்ணு சொல்வாரு, இன்னிக்கு வேற சொல்றாரு," என்று சிரித்தார். "அவர் பொண்ணே இங்கதான் இருக்கு மேடம், கேளுங்க. நீ சொல்லும்மா."

அவள் எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள், சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கிறதில்ல மேடம். வீட்ல எப்பவும் தன் தப்புன்னுதான் சொல்வாரு. அம்மாவக் கேட்டாலும் அதான் சொல்வாங்க. இங்க யாரும் கட்டை வைக்கிறதில்ல."

"நாங்க பாத்ததில்லயே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரலும் சேர்ந்தது. வகுப்பெடுத்தவள் என்னைப் பார்த்தபோது நானும் தலையை ஆட்டினேன். நேரமானால் டீ ஆறிவிடும்.

"அப்ப நீயே வந்து சொல்லும்மா. அவருக்குத்தான் முடியலயே," என்றார் சூப்பர்வைசர்.

அவள் முன்னால் போனாள். என்ன சொல்ல, அப்பாவை விட நன்றாகவே சொன்னாள். அவசரம், திமிர், யார் பேச்சும் கேட்காத குணம், அன்று வீட்டுக்கு வந்த செய்தி, அம்மா தெருவில் ஓடியது, தான் வாசலில் அழுதபடி நின்றது. ஒருவரும் வாயசைக்கவில்லை. வகுப்பெடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடம் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், போய் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"கையத் தூக்கிக் காட்டுங்கப்பா," என்றாள்.

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"தூக்குங்கப்பா. பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியல."

தூக்கினார். கூடம் அதிரக் கைதட்டினோம். சூப்பர்வைசர் அங்கேயே, அந்தக் கைதட்டலிலேயே அவள் வேலை நிரந்தரம் என்று அறிவித்தார். இனி வருடா வருடம் அவளே பேசுவாள், அப்பா பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்றார்.

டீ குடித்துவிட்டு ஜன்னலில் வரிசை கட்டினோம். அவள் எனக்கு முன்னால் நின்றாள். பாடம் டப்பாவைக் கிளறுகிற மாதிரி பாவனை செய்தார்.

"உன்னோடது காணோம்மா."

"நல்லாத் தேடுங்கப்பா. சிவப்புப் பொட்டு."

"இல்லம்மா."

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். "இல்லன்னா புதுசா ஒண்ணு செதுக்கிக் குடு. இங்கயே நிக்கிறேன்."

பாடம் ஒரு மரச்சில்லை எடுத்தார். மொட்டைக் கையால் பலகைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் செதுக்கினார். எங்கள் எல்லோருக்கும் செதுக்கிக் கொடுத்த கைதான், இன்று உளி நேராகப் போகவில்லை. அவள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"பாத்துச் செதுக்கு, உன் பொண்ணுக்குத்தானே," என்றார் சூப்பர்வைசர். "கட்டை நழுவுனா மிஷின் நின்னுடும்."

செதுக்கி முடித்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிசிறு இருந்தது போல, மறுபடி இழைத்தார். பிறகு நீட்டினார்.

"பத்திரம்மா," என்றார்.

"அடுத்தவங்க நிக்கிறாங்கப்பா," என்று அவள் வாங்கிக்கொண்டு போனாள். வரிசையில் அடுத்து நான். கையை நீட்டினேன்.