அழிக்கச் சொன்ன டேக்

மார்ச் 12, வியாழன். இன்று தவறான டேக்கை ஓடவிட்டுவிட்டேன்.

ஒரே பாட்டை ஒவ்வொரு தடவை வாசித்துப் பதிவதும் ஒரு டேக். டிரம்மின் ஐந்தாவது டேக்தான் அண்ணனின் ஹெட்போனில் ஓடியிருக்க வேண்டும். நோட்டில் அதற்குத்தான் டிக் போட்டிருந்தேன். ஓடியது இரண்டாவது. என்னிடம் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு வாத்தியத்துக்கான டிராக்குக்குள் எட்டு டேக் வரை வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பது ஒன்று மட்டும், மற்றவை உள்ளே சும்மா கிடக்கும். ஞாயிறன்று ஒப்பிட்டுக் கேட்ட நான், திரும்ப ஐந்தாவதுக்கு மாற்றி வைக்கவில்லை. ஒலிப்பதிவு கற்கும் மாலை வகுப்பில் முதல் வாரமே எச்சரித்த விஷயம்.

டிரம் வாசித்தவர் அண்ணனின் பள்ளித் தோழர். ஆறடிக்கு மேல் இருப்பதால் கிண்டலாக எல்லோருக்கும் அவர் 'குட்டை'. பத்து வருடமாக இருவரும் சேர்ந்து வாசிப்பவர்கள். போன மாதம் ஒத்திகையில் நாலு பேர் முன்னால் அண்ணன், "தாளத்துல இப்படி முந்தி ஓடுறியே, காது எதுக்குடா வச்சிருக்கே, கண்ணாடி மாட்டவா?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. என் வகுப்புப் பாட்டுக்காக மட்டும் தனித்தனியாக வந்து வாசிக்க ஒத்துக்கொண்டார்கள். இதுவே அவனோடு கடைசி என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

டிரம் பதிந்த அன்று, இரண்டாவது டேக்கைப் பாதி கேட்டதுமே குட்டையண்ணன் முகம் சுளித்தார். "நொண்டுது பாப்பா. அழிச்சிடு." எனக்கும் அப்படித்தான் பட்டது. எதையும் உடனே அழிக்கத் துணிவு வராது என்பதால் கிடந்தது.

இன்று அண்ணன் பட்டறையிலிருந்து வந்து, கையைத் தேய்த்துக் கழுவி, எதிரொலி அடங்க அலமாரிக் கதவில் நான் தொங்கவிட்டிருந்த போர்வைக்கு முன்னால் நின்று புல்லாங்குழலை ஒரே தடவையில் வாசித்து முடித்தான். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"பய திருந்திட்டானே. நாளைக்கு வரச் சொல்லு, சேர்ந்தே வாசிக்கிறோம்."

"நீயே கூப்பிடேன்."

"உன் பாட்டுதானே? நீ கூப்பிடு."

அவன் குளிக்கப் போன பிறகுதான் திரையில் டேக் எண் இரண்டு என்றிருப்பதைப் பார்த்தேன். ஐந்தாவதுக்கு மாற்றிக் கேட்டேன். குழலும் டிரம்மும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. மறுபடி இரண்டாவது. நொண்டல் என்று நினைத்த ஒவ்வோர் இடத்திலும் அண்ணன் மூச்சு வாங்குகிறான். ஒன்பது இடம், இரண்டு தடவை எண்ணினேன். அண்ணன் இல்லாத அறையில், பத்து வருடப் பழக்கத்தில், குட்டையண்ணன் அவனுக்காக நின்று நின்று வாசித்திருக்கிறார்.

குட்டையண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், அழிக்காமல் விட்டது உட்பட. அவர் வேலை பார்க்கும் கிடங்கில் இருந்தார். பின்னால் ஏதோ வண்டி பீப் அடித்துக்கொண்டே பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கேட்டார்.

"அது நான் வேணாம்னு சொன்னதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலண்ணா."

"சொல்லிடு. நான் ஒண்ணும் திருந்தலன்னும் சொல்லு. அதுக்கப்புறமும் வேணும்னா அவனே கூப்பிடட்டும்."

குளியலறையில் தண்ணீர் நின்றது. அண்ணன் அந்தப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

நாளை: காலை அவன் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு டேக்கையும் போட்டுக்காட்ட வேண்டும். எது எப்படி வந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு போனை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வர வேண்டும்.